அழிந்த பிறகு செய்த பொருள்கள்



துருப்பிடித்த சங்கிலி, கிழிந்த தோல் கோட்டு, நட்டும் போல்ட்டும் கோத்த மாலை. இப்படி உடுத்துவது வெளிநாட்டில் ஒரு ஃபேஷனாம். உலகமே அழிந்து, மிச்சம் மீதியை வைத்து மனிதர்கள் பிழைப்பது போன்ற தோற்றம். 1981-ல் வந்த 'மேட் மேக்ஸ் 2' என்ற ஆஸ்திரேலியப் படத்தால் இது பெரிதாகப் பரவியது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிழிந்த பாவாடையை நம்ம வீட்டில் ஒட்டுப்போட்டுக் கட்டினால் யாரும் ஃபேஷன்னு சொல்றதில்லையே!

ஆனால் நிஜமாகவே அழிவுக்குப் பிறகு பொருள் செய்தவர்கள் இருக்கிறார்கள். மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் என் தோழியின் அம்மம்மா யாழ்ப்பாணத்துக்காரர். போரினால் 1990-ல் அங்கே மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலில் (பாட்டிலை அப்படித்தான் சொல்வார்) கொஞ்சமாக எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்களாம். பேட்டரி கிடைக்காததால் சைக்கிள் பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோ கேட்டார்களாம்.

இன்னொன்று லாவோஸ் நாடு. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு போட்டன. நாபியா என்ற கிராமத்தில் அந்தக் குண்டுகளின் அலுமினியத்தை உருக்கி, மரமும் சாம்பலும் சேர்த்த அச்சில் ஊற்றி, கரண்டி செய்கிறார்கள். கைக்குக் காப்பும் செய்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், மண் உலையே போதும். நம்ம ஊர் மத்தாப்பு வெள்ளையாகப் பூப்பதும் அலுமினியப் பொடியால்தான்.

அங்கே விழுந்த கொத்துக்குண்டுகளுக்குள் சுமார் 27 கோடி சின்னக் குண்டுகள் இருந்தன. பத்தில் மூன்று வெடிக்கவில்லை. பந்து மாதிரி இருப்பதால் பிள்ளைகள் எடுத்து விளையாடி, இத்தனை வருஷம் கழித்தும் கை போகிறது, உயிரும் போகிறது.

இதைப் படித்ததும் என் தம்பி ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு மறுநாள், வெடிக்காத வெடிகளைத் தெருவில் பொறுக்கிப் பிரித்து, மருந்தைப் பேப்பரில் கொட்டிக் கொளுத்துவான். நானும் செய்திருக்கேன். போன வருஷம் அவன் புருவம் கருகிப்போச்சு. எங்க அம்மா ஃபயர் ஆபீஸில் வேலை பார்க்கிறாங்க. அன்றைக்கு அவனை அடிக்கவே இல்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, மிச்ச வெடியெல்லாம் அதில் போட்டுவிட்டு, தன் கையில் இருக்கும் தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாங்க.

இப்போது நாங்கள் பொறுக்குவது பிரஸ்ஸில் கழித்த காலண்டர் தாள்தான். நீள முக்கோணமாக வெட்டி, அகலமான பக்கத்திலிருந்து ஈர்க்குச்சியில் இறுக்கிச் சுற்றி, நுனியில் பசை தடவி, காய்ந்ததும் குச்சியை உருவினால் ஒரு மணி. சாமி படத் தாளில் நல்ல நிறம் வரும் (அம்மாச்சிக்குத் தெரியாமல் செய்யணும்).

இந்தத் தாளுக்குக் கீழே ஆணியில் தொங்குவது தம்பியும் நானும் கோத்த மாலை. தொட்டுப் பார்க்கலாம், கழற்றிட்டுப் போயிடாதீங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி