கதவுக் கீலும் அப்பத்தாவின் முழங்காலும்

எட்டாம் வகுப்பு அறிவியலில் மூட்டு வகைகளை விளக்க வகுப்பறைக் கதவைத்தான் காட்டுவேன். முழங்கால் ஒரு கீல் மூட்டு. கதவைத் திறந்து மூடினாலே மாணவர்களுக்குப் புரிந்துவிடும். ஓர் ஆண்டு, “கீல் தேய்வதுபோல மூட்டும் தேயும், அதுதான் மூட்டுவாதம்” என்று ஒரு வரியைக் கூடுதலாகச் சொல்லிவிட்டேன்.

மறுவாரம் ஒரு மாணவி வந்தாள். “டீச்சர், எங்க அப்பத்தாவ இனிமே நடக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நடந்தா இன்னும் தேஞ்சுரும்ல?”

சிம்மக்கல்லில் தரையில் அமர்ந்து பூக்கட்டி விற்பவர் அந்த அப்பத்தா. ஒரு வாரமாகக் கடைக்கே போகவில்லையாம். என் உவமை அவருடைய நடையை நிறுத்தியிருந்தது.

உவமையைத் திருத்தினேன்

அடுத்த வகுப்புக்குப் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டு போனேன். அழுத்தினால் நீர் வெளியேறும், விட்டால் உறிஞ்சும். எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டின்மீது பாரம் ஏறி இறங்கும்போது, ஸ்பாஞ்சைப் போலவே மூட்டுத் திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. அசைவு நின்றால் ஊட்டம் குறையும். தொடைத் தசை மெலியும். முழங்காலுக்குத் தாங்கல் போய் வலி கூடும். கதவுக் கீல் உயிரற்றது. மூட்டு உயிருள்ளது. இதை மாணவர்களே சொன்னார்கள்.

செயல்பாடு 1: வீட்டில் கேட்டு வருதல்

காலையில் மூட்டு இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது? எந்த மூட்டு வீங்குகிறது? என்ன மருந்து சாப்பிடுகிறார்கள்? இந்த மூன்று கேள்விகள் போதும்.

தேய்மான மூட்டுவாதத்தில் இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய் அது. மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும். காலையில் நொண்டி வரும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள்.

பெயர்ச்சீட்டு இல்லாத ‘மூட்டுவலிப் பொடி’ வீட்டில் இருந்தால், அதையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

செயல்பாடு 2: நாற்காலிப் பயிற்சி

நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. மாணவர் கற்று வீட்டில் கற்பிக்க வேண்டும். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே பயிற்சி.

உடல் எடை கூடியவர்களுக்கு ஒரு கணக்கும் உண்டு. முழங்கால் தேய்மானம் உள்ள முதியவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் நான்கு கிலோ குறைவது தெரிந்தது. பெருக்கல் பாடத்துக்கும் இது உதவும்.

நம்பிக்கையும் பாடமே

1970களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் மூட்டுவாதத்துக்கான தன்மேலாண்மை வகுப்பை உருவாக்கினார். வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்தியவர்களில் பலர் மூட்டுவாதம் உள்ள சாதாரண மக்கள். பயன்பெற்றவர்களை ஆராய்ந்தபோது, செய்த பயிற்சியின் அளவைவிட ‘என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கையே முன்னேற்றத்தோடு அதிகம் பொருந்தியது. பி.எட். வகுப்பில் நாம் படித்த பண்டூராவின் தன்திறன் நம்பிக்கை இதுதான்.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பல பெற்றோர் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிப்பதாகச் சொன்னார்கள்.

அப்பத்தா இப்போது தரையில் அமர்வதில்லை. ஸ்டூலில் அமர்ந்து பூக்கட்டுகிறார். இடையிடையே எழுந்து நடக்கிறார். “வலி இருக்குத்தான் டீச்சர். ஆனா கடைக்குப் போறாங்க” என்றாள் பேத்தி.

கதவை இப்போதும் காட்டுகிறேன். அந்த உவமை எந்த இடத்தோடு முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.