நண்பகலில் தளரும் பெட்ரோல்

கேள்வி: கோடை நண்பகலில் சில பெட்ரோல் பங்குகளில் டீசல் வழக்கம்போல் வர, பெட்ரோல் மட்டும் மெதுவாக விழுவது ஏன்?

பதில்: நிலத்தடித் தொட்டியிலிருந்து எரிபொருளை உறிஞ்சும் பம்பு, எரிபொருள் நிரப்பும் எந்திரத்துக்குள்ளேயே அமைந்த பங்குகளில்தான் இக்குறை மிகுதி. அப்பம்பு குழாயினுள் அழுத்தத்தைக் குறைக்க, வளிமண்டல அழுத்தமே பெட்ரோலை மேலே தள்ளுகிறது. ஆனால் பெட்ரோலின் இலேசான கூறுகள் சாதாரண அழுத்தத்திலேயே ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரி செல்சியசில் கொதிக்கத் தொடங்குவதால், அழுத்தம் குறைந்த குழாயில் அதற்கும் தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவிக்குமிழ்கள் எழுந்து பம்பைப் பாதி வெறுமையாகச் சுழலவிடுகின்றன. ஆவியடைப்பு எனப்படும் இந்நிலை, கொதிநிலை மிக உயர்ந்த டீசலில் நேர்வதில்லை.

காலையிலும் ஓட்டம் தளர்ந்திருந்தால், வெயிலைக் குறைகூறாமல் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பதே முறை; துருவும் தூசியும் அடைத்த வடிகட்டி பம்புக்கு முன்னால் இருந்தால், உறிஞ்சும் குழாயின் அழுத்தத்தை மேலும் தாழ்த்தி, ஆவியடைப்பையும் அதுவே வரவழைக்கும். விடியற்காலை முதல் விற்பனையில் மட்டும் மோட்டார் ஓடியும் சற்று நேரம் எதுவும் வராவிட்டால், எரிபொருள் தொட்டிக்குத் திரும்பி இறங்காமல் காக்கும் ஒருவழி வால்வு கசிகிறது எனக் கொள்ளலாம். தொட்டிக்குள் மூழ்கியிருந்து எரிபொருளை மேலே தள்ளும் பம்பைப் பொருத்துவதே ஆவியடைப்புக்கு நிலையான தீர்வு.

ஆவி மீட்டருக்குள் புகுந்தால் அதுவும் லிட்டராக எண்ணப்படும் என்பதால், அதனை முன்னதாகவே வெளியேற்றும் காற்றுப் பிரிப்பானின் பழுது வாடிக்கையாளரை நேரடியாகப் பாதிக்கிறது. ஐயம் எழுந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டுமாறு கேட்க அவர் தயங்க வேண்டியதில்லை.