தூது சென்ற எண்

கம்பியின்றிப் பேசும் பேச்செல்லாம் அலைகளின் வழியே செல்கின்றது. ஓரிடத்தில் இருவர் ஒரே அலைவரிசையைக் கையாளின் இருவர் பேச்சும் கலங்கும். ஆதலின், இன்ன அலைக்கற்றை இன்னார்க்கு என்று அரசு வரையறுத்தல் வேண்டும். அமெரிக்காவில் அவ்வுரிமங்களைக் குலுக்கற் சீட்டினால் வழங்கிய காலமும் உண்டு. 1993-இல் சட்டம் இயற்றப்பெற்று, 1994-இல் ஏலமுறை தொடங்கிற்று.

இது சந்தையில் ஒரு மாட்டை நிறுத்திக் கூவும் ஏலம் அன்று. பல ஊர்களின் உரிமங்களும் ஒருங்கே நிற்கும். கேட்பு சுற்றுச் சுற்றாக ஏறும். எவ்வுரிமத்துக்கும் புதிய கேட்பு இல்லையாயின் ஏலம் முடியும். வாளாவிருந்து கடைசியிற் பாய எண்ணுவார்க்கு இதில் இடமில்லை; போதிய அளவு கேளாதாரது கேட்கும் தகுதி குறைந்துகொண்டே வரும். இம்முறையை வகுத்தோருள் பால் மில்குரோம், இராபர்ட்டு வில்சன் என்னும் இருவர் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒவ்வொரு சுற்றிலும் யார் எதற்கு எவ்வளவு கேட்டார் என்பது யாவர்க்கும் தெரிவிக்கப்பட்டது. பிறர் கருதும் மதிப்பைக் கண்டு தம் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். மிகைவிலை கொடுத்து வென்று பின் வருந்துதல் குறையும். நன்மை கருதி வைத்த அவ்வெளிப்படையே சூழ்ச்சிக்கும் வாயிலாயிற்று.

1996-97-ஆம் ஆண்டு ஏலத்தில், மினசோட்டா மாநிலத்து ராச்சஸ்டர் ஊரின் உரிமத்துக்கு யூ.எஸ். வெஸ்ட், மெக்லியோட் என்னும் இரு நிறுவனங்கள் போட்டியிட்டன. ஏலத்தார் தம்முள் பேசிக்கொள்ளலாகாது என்பது விதி. பொதுவாக யாவரும் ஆயிரக்கணக்கில் முழுத்தொகையே கேட்டு வந்தனர். அந்நிலையில் யூ.எஸ். வெஸ்ட், தான் முன்பு நாடாத அயோவா மாநிலத்து ஊர்கள் இரண்டில், மெக்லியோட் முந்தி நின்ற உரிமங்களுக்கு 3,13,378 டாலரும் 62,378 டாலரும் கேட்டது. ஏன் இந்த 378? ஏலப்பட்டியலில் ராச்சஸ்டரின் எண் 378! ‘அவ்வூரை விட்டு விலகுக; விலகாவிடின் உன் ஊர்களில் விலையேற்றுவேன்’ என்பதே அதன் பொருள். மெக்லியோட் குறிப்பறிந்து விலகிற்று. ஒரு சொல்லும் பேசாது பேரம் முடிந்தது. ராச்சஸ்டரின் விலை மேலும் ஏறாது நின்றது. அவ்வாறு ஏறியிருப்பின் அது பொதுமக்கள் கருவூலத்துக்குச் சேர்ந்திருக்கும் பொருளன்றோ?

பின்னர் வந்த ஏலங்களில், ஆணையம் காட்டும் சில தொகைகளுள் ஒன்றையே தேர்ந்து கேட்கவேண்டும் என்றாயிற்று. தொகையின் வாலில் தூது கட்டும் வழி அடைபட்டது. 2008-ஆம் ஆண்டு ஏலத்தில் கேட்போர் பெயரையும் மறைத்தனர். பெயர் மறையின் மிரட்டல் அரிதாகும். ஆயினும், கேட்டவர் தேர்ந்தவரோ புதியவரோ என்று அறிந்து தம் மதிப்பைத் திருத்திக்கொள்ளும் பயனும் அதனோடு ஓரளவு மறையும்.