ஏற்கப்படாத பரிசுகள்

அந்தமானின் வட சென்டினல் தீவுக்கு 1967-இல் மானிடவியலாளர் டி. என். பண்டிட் சென்றபோது, தீவினர் காட்டுக்குள் மறைந்தனர். 1974-இல் சென்ற திரைப்பட இயக்குநரின் தொடையில் அம்பு தைத்தது. பரிசளித்த பன்றியையும் அவர்கள் குத்திக் கொன்று மணலில் புதைத்தனர். 1991 ஜனவரி 4 அன்று, மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழு தேங்காய்களை நீரில் மிதக்கவிட்டது. அவர்கள் அஞ்சாது இறங்கிவந்து எடுத்துக்கொண்டனர்.

24 ஆண்டு முயற்சியின் கனி அது. ஆயினும், வெளியார் கொணரும் நோய்களைத் தாங்கும் ஆற்றல் அம்மக்களுக்கு இல்லை. ஆகவே தொண்ணூறுகளிலேயே அரசு அப்பயணங்களை நிறுத்தியது. தோல்வியினின்று கற்பதைக் காட்டிலும், கைகூடிய வெற்றியைக் கைவிடக் கற்பது அரிது. கர்மயோகம் பயில்வோர் இவ்விடத்தில் சற்றே நிற்கலாம். அவர்களை அவர்கள் போக்கில் விடுவதே முறை என்று பண்டிட்டும் பின்னாளில் கூறினார்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நலமறியச் சென்ற ஹெலிகாப்டரை நோக்கித் தீவினர் ஒருவர் வில்லை வளைத்தார். அவர்கள் பிழைத்திருப்பது அதனால்தான் தெரியவந்தது.