மீனின் பக்கக்கோடு

ரோகு மீன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், செவுள் மூடிக்குப் பின்னிருந்து வால்வரை மெல்லிய கோடு ஒன்று செல்வது தெரியும். இது வெறும் நிறக்கோடு அன்று. சுமார் 40 செதில்கள் வரிசையாக அமைந்து, ஒவ்வொன்றும் ஒரு நுண்துளையைத் தாங்கி நிற்பதால் தோன்றுவது. அச்செதில்களுள் ஒன்றைப் பெயர்த்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால், அதனூடே செல்லும் சிறு குழாயை மாணவர் தாமே காண்பர். திலேப்பியாவில் இக்கோடு இடையே அறுபட்டு, முன்துண்டு மேலாகவும் பின்துண்டு கீழாகவும் இருக்கும். ஆகையால் வகுப்பில் ஒப்பிட்டுக் காட்ட இவ்விரு மீன்களும் ஏற்றவை.

இத்துளைகள் மீனின் உடலை வழுவழுப்பாக்கும் சளியைச் சுரப்பவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1850-ல் லைடிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் குழாய்களினுள் நரம்போடு இணைந்த புலனுறுப்புகள் இருப்பதை விளக்கினார். அவை எதனை உணர்கின்றன என்ற வினா அதன் பிறகும் அரை நூற்றாண்டு நீடித்தது. 1908-ல் ஹோஃபர் என்பவர், பார்வையற்ற பைக் மீன்களும் தம் உடல்மீது பாயும் மெல்லிய நீரோட்டத்தை அறிந்துகொள்வதையும், பக்கக்கோடு அழிக்கப்பட்டால் அவ்வுணர்வு மறைவதையும் காட்டினார்.

உறுப்பின் அமைப்பு எளியது. சில மயிர்ச்செல்கள் ஒன்றாகக் குழுமியிருக்க, அவற்றின் நுண்மயிர்கள் கூழ்போன்ற ஒரு குல்லாயினுள் புதைந்துள்ளன. நீர் அசைந்தால் குல்லாய் சாய்கிறது, மயிர்கள் வளைகின்றன. ஒரு திசையில் வளைந்தால் நரம்பின் துடிப்புகள் மிகும். எதிர்த் திசையில் வளைந்தால் குறையும். ஒவ்வொரு குழுவிலும் எதிரெதிராக நோக்கும் இருவகைச் செல்கள் இருப்பதால், நீர் எப்பக்கம் செல்கிறது என்பதும் மீனுக்குப் புலனாகிறது. தோலின்மேல் அமைந்த குழுக்கள் சீரான ஓட்டத்தை உணர்கின்றன. குழாயினுள் உள்ளவையோ அடுத்தடுத்த துளைகளுக்கிடையே அழுத்தம் வேறுபடும்போதுதான் தூண்டப்படுகின்றன. ஆகவே ஓடும் ஆற்றில் நின்றுகொண்டே, அருகில் நீந்தும் சிறு இரையின் அசைவை மீன் பிரித்தறிய முடிகிறது.

இப்புலன் எட்டும் தொலைவு குறைவு. பெரும்பாலும் மீனின் உடல் நீளத்தைப்போல் ஒரு மடங்கோ இரு மடங்கோதான். ஆயினும் கலங்கல் நீரிலும் இரவிலும் அதுவே பெருந்துணை. கூட்டமாக நீந்துவதற்கும் இது உதவுகிறது. செய்த் என்னும் வட அட்லாண்டிக் மீன்களைக்கொண்டு 1976-ல் வெளியான ஆய்வொன்று இதனை நன்கு காட்டியது. கண்கள் மறைக்கப்பட்ட ஐந்து மீன்கள், பார்வையுள்ள 25 மீன்களின் கூட்டத்தில் இடம் தவறாது நீந்தின. செவுள் மூடியருகே பக்கக்கோட்டு நரம்பும் துண்டிக்கப்பட்ட குருட்டு மீன்களால் அவ்வாறு இயலவில்லை.

குளப் பணியாளர் கருத வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. பாசியையும் ஒட்டுண்ணிகளையும் ஒழிக்க மயில்துத்தம் இடுவது பழைய வழக்கம். அதிலுள்ள தாமிரம் பக்கக்கோட்டின் மயிர்ச்செல்களைக் கொல்லக்கூடியது என்று, கங்கை, பிரமபுத்திரா படுகைகளுக்குரிய ஜீப்ரா மீனின் இளங்குஞ்சுகளில் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. குஞ்சு சாவதில்லை, வெளித்தோற்றத்திலும் மாறுதல் இல்லை. எனவே மருந்திட்ட மறுநாள் இறந்த மீன்களை எண்ணிப் பார்ப்பதால் மட்டும் இக்கேடு தெரியாது. நல்ல நீருக்கு மாற்றினால் சில நாட்களில் செல்கள் மீண்டும் வளர்கின்றன; தாமிரம் நீரில் தொடர்ந்திருப்பின் அம்மீட்சி தடைப்படுகிறது. கடினத்தன்மை குறைந்த நீரில் தாமிரத்தின் நஞ்சு மிகுதியாகத் தாக்கும். குளத்தின் கொள்ளளவையும் நீரின் கடினத்தன்மையையும் அளந்தறியாமல் கைம்மதிப்பாக மயில்துத்தம் இடுதல் கூடாது. அவ்வாறு மருந்து பட்ட குஞ்சுகளைச் சில நாட்கள் தெளிந்த நீரில் வைத்திருந்து, பிறகே விரால் முதலிய கொன்றுண்ணி மீன்கள் நுழையக்கூடிய குளங்களில் விடுதல் நன்று.