கப்பல் பயணமா? பணம் கட்டும் முன் பாருங்கள்!

பெடாஸ் தோட்டத்து வீடுகளில் பள்ளி விடுமுறை நெருங்கினால் கைப்பேசியில் சொகுசுக் கப்பல் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். வியர்வை சிந்திச் சேர்த்த பணம், கவனமாகச் செலவிடுவோம்.

● மலேசியாவில் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி பயண முகவருக்கு உரிமம் கட்டாயம். உரிம எண்ணைக் கேட்டு, சுற்றுலா அமைச்சின் (மோட்டாக்) இணையத்தளத்தில் சரிபாருங்கள்.

● பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே போக வேண்டும். தனி ஆளின் கணக்கு எண்ணைத் தந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

● விளம்பர விலையில் துறைமுகக் கட்டணம், கப்பல் ஊழியர்க்கான அன்பளிப்புத் தொகை, இணைய வசதி அடங்குமா? ஜன்னல் இல்லாத உள்ளறையா, பால்கனி அறையா? எழுத்தில் வாங்குங்கள்.

● கப்பல் கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறதா, சிங்கப்பூரிலிருந்தா? சிங்கப்பூர் என்றால் பஸ், தங்குமிடச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

● ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். பதிவு எண் வந்ததும் கப்பல் நிறுவனத்திடமே நேரடியாக உறுதி செய்யுங்கள்.

● கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

● ஏமாந்தது தெரிந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள். சேவைக் குறைபாடு என்றால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் விசாரிக்கும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.