குமாஸ்தாவின் மகன் ஸ்தானிகரானார்



தோட்டத்துப் பள்ளியிலோ பட்டணத்துப் பள்ளியிலோ படிக்கும் நம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பெரியவனானதும் என்ன உத்தியோகம் பார்ப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர் என்பான் ஒருவன். வக்கீல் என்பான் மற்றொருவன். அப்பாவின் கடையைப் பார்ப்பேன் என்பான் இன்னொருவன். "அந்நிய நாட்டுக்கு ஸ்தானிகராகப் போவேன்" என்று சொல்லும் பிள்ளையைக் காண்பது அரிது. அது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு உரிய பதவி என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணம் சரிதானா என்பதே இன்றைய பாடம்.

ஸ்தானிகர் என்பவர் யார்?

ஒரு நாட்டின் அரசாங்கம் தன் சார்பில் பேசுவதற்காக மற்றொரு நாட்டின் தலைநகரில் நிலையாக அமர்த்தும் தூதரே ஸ்தானிகர். காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதரை ஹைகமிஷனர் என்பர். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. தூது என்பது நம் மலாக்காவுக்குப் புதியதன்று. 1405-லேயே இங்கிருந்து சென்ற தூதர்கள் சீனச் சக்கரவர்த்தியின் சபையில் நின்றார்கள். 1411-ல் பரமேஸ்வரரே நேரில் சென்றார்.

இக்காலத்துத் தூதருக்குரிய விதிகளை 1961-ல் வியன்னாவில் கூடிய நாடுகள் வகுத்தன. அவ்விதிகளின்படி தூதரின் கடமைகள் ஐந்து: தம் நாட்டின் சார்பாக நிற்பது, அங்குள்ள தம் நாட்டு மக்களின் நலனைக் காப்பது, அந்த அரசாங்கத்தோடு பேச்சு நடத்துவது, அங்கு நடப்பவற்றை நேர்மையான வழியில் அறிந்து தம் அரசாங்கத்துக்கு எழுதுவது, இரு நாட்டின் நட்பை வளர்ப்பது. ஒருவரை ஸ்தானிகராக அனுப்புமுன், ஏற்கும் நாட்டின் சம்மதத்தைப் பெறவேண்டும். அந்த நாடு மறுத்தால், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அங்குள்ள உள்நாட்டு விவகாரங்களில் தூதர் தலையிடலாகாது.

மூவாரில் வளர்ந்த சிறுவன்

இனி ஒரு மனிதரின் வரலாற்றைப் பார்ப்போம். மலாக்காவின் தென்னெல்லையில் கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூரின் மூவார் வட்டாரம். அந்த மூவாரில் வளர்ந்தவர் செல்லப்பன் ராமநாதன். உலகம் அறிந்த பெயர் எஸ். ஆர். நாதன். 1924 ஜூலை 3-ல் சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் ரப்பர்த் தோட்டங்களோடு தொடர்புள்ள வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. ரப்பர் விலை சரிந்த காலத்தில் அவர் கடனில் மூழ்கினார். தாங்க மாட்டாமல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது மகனுக்கு வயது எட்டு.

அச்சிறுவன் பள்ளியிலிருந்து இருமுறை நீக்கப்பட்டான். பதினாறாம் வயதில் தாயாரோடு பிணங்கி வீட்டைவிட்டு ஓடினான். நம் ஊரில் இப்படி ஒரு பையனைக் கண்டால் என்ன சொல்லுவோம்? "உருப்படமாட்டான்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்துவிட மாட்டோமா?

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நாதன் அகராதியை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழி கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். யுத்தம் முடிந்தபின், வேலை செய்துகொண்டே தபால் வழியாகப் பாடம் கற்று, விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடித்தார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954-ல் சமூகவியல் டிப்ளோமாவில் சிறப்புத் தேர்ச்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பது.

படிப்படியாக

முதல் உத்தியோகம் மருத்துவச் சமூக ஊழியர். 1956-ல் கப்பல் தொழிலாளரின் நல அதிகாரியானார். 1962 முதல் தொழிற்சங்கக் காங்கிரசின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தார். நோயாளி, மாலுமி, கூலியாள் ஆகியோரின் முறையீடுகளைக் கேட்பதே அவருக்குத் தூதர் பள்ளியாயிற்று. சிங்கப்பூர் தனிநாடானபின், 1966-ல் வெளிநாட்டு அமைச்சில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் அப்போது அமைச்சர்.

1974 ஜனவரி 31-ல் ஆயுதம் தாங்கிய நால்வர் புலாவ் புக்கோம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கி, 'லாஜு' என்ற படகின் ஊழியரைப் பிணைபிடித்தனர். பல நாள் பேச்சுவார்த்தை நடந்தது. பிணையாளிகள் விடுபட வேண்டுமானால், சிங்கப்பூர் அதிகாரிகள் அந்நால்வரோடு ஒரே விமானத்தில் குவைத் வரை போகவேண்டும் என்றாயிற்று. பாதுகாப்பு அமைச்சில் அப்போது பணியிலிருந்த நாதன் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனார், பத்திரமாகத் திரும்பினார். 1979 முதல் 1982 வரை வெளிநாட்டு அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளராக இருந்தார்.

இடையில் ஆறாண்டு பத்திரிகை நிறுவனமொன்றை நடத்தியபின், 1988-ல் ஹைகமிஷனராக நம் நாட்டுக்கே வந்தார். 1986-ல் இஸ்ரேலின் ஜனாதிபதி சிங்கப்பூருக்கு வந்ததையொட்டி இங்கு எழுந்த கொந்தளிப்பால் இரு நாட்டு உறவும் கசந்திருந்த காலம் அது. 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் ஸ்தானிகர். அங்கும் சோதனை வந்தது. கார்களைப் பாழ்படுத்திய குற்றத்துக்காக ஓர் அமெரிக்க இளைஞனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் 1994-ல் பிரம்படி விதிக்கவே, அமெரிக்காவில் பெருங் கூச்சல் எழுந்தது. ஜனாதிபதி கிளிண்டனே முறையிட்டார். ஆறு அடி நான்காகக் குறைக்கப்பட்டு நிறைவேற்றப்பட்டது. அத்தண்டனை சரியா என்பது வேறு வாதம். கோபத்தோடிருந்த ஒரு நாட்டின் நடுவில் நின்று, நிதானம் தவறாமல் தம் அரசாங்கத்தின் காரணங்களை எடுத்துரைப்பதே ஸ்தானிகரின் வேலை. அதை அவர் செய்தார். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் ஜனாதிபதியாக இருந்து, 2016-ல் மறைந்தார்.

நமக்குள்ள பாடம்

அறுபத்து மூன்று வயதுக்குப் பின்னரே அவர் தூதராக முதன்முதல் அனுப்பப்பட்டார். அதற்கு முன் செய்த ஒவ்வொரு சிறு வேலையும் அதற்கான பயிற்சியாகவே அமைந்தது. மூன்றாம் வகுப்பில் பின்தங்கியவனையும், பதினாறு வயதில் முரண்டு பிடிப்பவனையும் நாம் கைகழுவிவிடலாகாது. திரும்பி வந்து படிக்க விரும்புவோனுக்கு வழி திறந்திருக்க வேண்டும். கட்டணத்துக்கோ புத்தகத்துக்கோ மன்றத்தார் கைகொடுத்தால் அது வீண்போகாது.

நம் நாட்டில் இந்த உத்தியோகத்துக்கு வாயில், நிர்வாக அரசதந்திரச் சேவை. பட்டம் பெற்றோர் பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வையும் நேர்காணலையும் கடந்து அதில் சேரலாம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், வீதியில் மலாய், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு வளர்கிறார்கள். இரு தரப்பார் பேச்சையும் புரிந்துகொள்ள வேண்டிய தூதருக்கு இதைவிட நல்ல முதல் வேறென்ன?

மன்ற வகுப்பில் பேசுவதற்கு:

1. தூதரின் ஐந்து கடமைகள் யாவை?
2. மாலுமிகளிடையே செய்த பணி நாதனுக்குப் பிற்காலத்தில் எவ்வாறு உதவியிருக்கும்?
3. நம் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைத் திரும்ப அழைத்துவர நாம் செய்யக்கூடியது என்ன?